வீட்டிலேயே இரு என்றார்கள்! எந்த வீட்டில்?



2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, அதாவது நாமெல்லாம் பி.கே.பி. என்று சொல்லிப் பழகிய அந்த ஆணை, நடப்புக்கு வந்த நாள். அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். வீட்டிலேயே இருங்கள்.

அதன் பிறகு என்னென்னவோ பெயர்களில் அந்த ஆணை மாறி மாறி வந்தது. 2021 ஜனவரி 13இல் மீண்டும் இறுக்கினார்கள், அதில் மலாக்காவும் ஒன்று. 2021 ஜூன் 1 முதல் நாடு முழுக்க முழு முடக்கம். இன்று எல்லாம் முடிந்துவிட்டது. முகக்கவசம் அலமாரியில் கிடக்கிறது. "அதுதான் போய்விட்டதே, இப்போது எதற்கு அந்தப் பேச்சு?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள்.

போய்விட்டது நோய் மட்டும்தான், உறவுகளே. அந்த இரண்டு ஆண்டுகள் நமக்குக் காட்டிய கணக்கு இன்னும் தீரவில்லை. ஆகவேதான் ஒரே ஒரு கேள்வியை இங்கே வைக்கிறோம். வீட்டிலேயே இரு என்றார்களே, எந்த வீட்டில்?

ஆணை ஒன்று, வீடு ஒன்றல்ல!

ஆயர் குரோவில் நான்கு அறை பங்களாவில் இருப்பவருக்கும் அதே ஆணை. ஐந்தாவது மாடியில் 650 சதுர அடி மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் ஏழு பேராய் இருப்பவருக்கும் அதே ஆணை. ஜாசின் பக்கம் ஏதோ ஒரு செம்பனைத் தோட்டத்தில், தகரக் கூரையின் கீழ் லயத்து வீட்டில் இருப்பவருக்கும் அதே ஆணை.

பங்களாக்காரர் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிப் பொழுதைக் கழித்தார். அடுக்குமாடியில் இருந்த நம் குடும்பம் என்ன செய்தது? தாத்தா கூடத்தில் படுத்திருக்கிறார். மூன்று பிள்ளைகள் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். இரவு வேலை பார்த்து வந்த அண்ணன் பகலில் தூங்க இடமில்லை. மின்தூக்கி பழுது. தண்ணீர் அழுத்தம் இல்லை. கீழே விளையாட்டுத் திடலில் பிளாஸ்டிக் நாடா கட்டியிருக்கிறது, பிள்ளைகள் இறங்க முடியாது.

அப்புறம் நோய் வீட்டுக்குள் வந்தது. 2021இல் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது, லேசான அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே தங்களைத் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். கையில் ஒரு பட்டை. தனி அறையில் இருக்க வேண்டும், முடிந்தால் தனிக் கழிவறை. ஏழு பேருக்கு ஒரே கழிவறை உள்ள வீட்டில் இதை எப்படிச் செய்வது என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. விளைவு என்ன? ஒருவருக்கு வந்தது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் வந்தது. பிறகு "உங்கள் தாமானில்தான் அதிகம் பரவுகிறது" என்று நம்மையே குறை சொன்னார்கள்!

நோய்க்கு இனம் தெரியாது, உண்மைதான். ஆனால் அறை எத்தனை என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

இந்த வீட்டுக்கு நாம் எப்படி வந்தோம்?

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் நம் மலாக்காவில்தான் தொடங்கியது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்டது. அதன் பிறகு புக்கிட் ஆசாகான். காடு வெட்டி, கன்று நட்டு, பால் எடுத்து, பிறகு ரப்பரைச் சாய்த்துச் செம்பனை வைத்து, இந்த மாநிலத்தின் செல்வத்தைச் சுமந்த தோள்களில் நம் பாட்டன் பாட்டி தோள்கள் உண்டு.

ஊரடங்கும் நமக்குப் புதிதல்ல. 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத்து மக்களை ஒன்றாகக் குவித்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுத்தார்கள். வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு. அந்தக் கதையைச் சொல்லும் பாட்டிகள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் கட்டடங்களை முள்கம்பி போட்டு அடைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அவர்களுக்கு என்ன நினைவு வந்திருக்கும்?

தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. வெளியே அனுப்பப்பட்டவர்களுக்குச் சட்டம் என்ன கொடுத்தது? 1980ஆம் ஆண்டின் வேலை நீக்கப் பலன் விதிமுறைகளைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு, ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். அவ்வளவுதான்! அந்த விதியில் வீடு என்ற சொல்லே இல்லை.

இன்னொரு சட்டம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம். தொழிலாளர் தங்குமிடத்துக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம். கோவிட் காலத்தில், 2020 ஜூன் 1 முதல், அதைத் திருத்தி எல்லாத் துறைகளுக்கும் விரித்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அது முதலாளி தரும் தங்குமிடத்துக்கு மட்டும்தான். தோட்டம் விற்கப்பட்டு, வேலை போய், நம் குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்கு வாடகைக்கு வரும் நாளில் அந்தச் சட்டம் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. லயத்தில் இருந்தவரை முதலாளியின் பொறுப்பு. அடுக்குமாடிக்கு வந்த பிறகு? யார் பொறுப்பும் இல்லை!

ஆகவே 2020இல் "வீட்டிலேயே இரு" என்று அரசு சொன்னபோது, நம்மில் பலரை அது அடைத்து வைத்தது அது தரத் தவறிய வீட்டுக்குள்தான்.

பத்து கிலோமீட்டரும் ஆயிரம் வெள்ளியும்

வெளியே போனால் என்ன? வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம். பத்து கிலோமீட்டருக்குள்தான் போகலாம். உணவு, மருந்து, அத்தியாவசிய வேலை, இவற்றுக்கு மட்டும். மீறினால் 1988ஆம் ஆண்டின் தொற்று நோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ், அதாவது 342ஆம் சட்டத்தின் கீழ், 1,000 வெள்ளி சம்மன். அல்லது நீதிமன்றம், ஆறு மாதம் வரை சிறை.

நகராட்சிப் பகுதிகளில் அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200 வெள்ளி. ஒரு சம்மன் என்பது ஏறக்குறைய ஒரு மாதச் சோறு. 2021 மார்ச் 11இல் தனிநபருக்கான அதிகபட்சத் தொகையை 10,000 வெள்ளியாக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்! இதை எந்த நாடாளுமன்ற உறுப்பினரும் கையுயர்த்தி நிறைவேற்றவில்லை. 2021 ஜனவரி 12இல் அவசரகாலம் பிரகடனம் செய்து, ஜூலை 26 வரை நாடாளுமன்றத்தையே கூட்டாமல் வைத்திருந்த காலத்தில், அவசரச் சட்டமாகக் கொண்டு வந்தது. நம் வயிற்றைத் தொடும் சட்டத்தை, நம் பிரதிநிதிகள் வாயைக் கட்டிவைத்துவிட்டுப் போட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் மூலவாசகம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நம் பாட்டி படிக்கும் மொழியில் இல்லை. விதிகளோ அடிக்கடி மாறின. இன்று இரண்டு பேர் காரில் போகலாம், நாளை கூடாது. வாட்ஸாப்பில் வந்த பழைய தகவலை நம்பி வெளியே போனவர், சாலைத் தடுப்பில் நின்று விழித்தார். தோட்டப்புறத்தில் இருப்பவருக்கு மருந்துக்கடையே பத்து கிலோமீட்டருக்கு அப்பால். மோட்டார் சைக்கிளில் கணவர் முன்னால், காய்ச்சலில் மனைவி பின்னால். அங்கே நிறுத்தப்பட்டவருக்குத் தன் நிலையைச் சரளமாக மலாயில் எடுத்துச் சொல்லத் தெரியாவிட்டால், அதற்கும் சேர்த்துத்தான் அபராதம்.

ஒரே சட்டம், இரண்டு முகம்!

சரி, சட்டம் கடுமையானது, ஆனால் எல்லோருக்கும் ஒன்று என்று சொல்வார்களானால், இதற்குப் பதில் சொல்லட்டும்.

2020 ஜூலையில் தமிழகத்தின் சிவகங்கையிலிருந்து திரும்பிய ஒருவர், கெடாவில் நாசி கண்டார் கடை நடத்துபவர், வீட்டுத் தனிமைப்படுத்தலை மீறினார். நோய் பரவியது. அந்தத் தொற்றுக்கு "சிவகங்கை" என்றே பெயர் வைத்தார்கள். நோய்களுக்கு ஊர்ப் பெயர் வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இலேயே வழிகாட்டியிருந்தும், நம் பாட்டன் ஊர்ப் பெயர் வாரக்கணக்கில் செய்தியில் அடிபட்டது. 2020 ஆகஸ்ட்டில் அலோர் ஸ்டார் நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தது. அவர் செய்தது தவறு. நாம் அதை நியாயப்படுத்தவில்லை.

அதே ஜூலை மாதம் துருக்கியிலிருந்து திரும்பினார் இன்னொருவர். தனிமைப்படுத்தல் இல்லாமலேயே நாடாளுமன்றத்துக்குப் போனார். அவர் கைருடின் அமான் ரசாலி, அன்றைய தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சர்! அவருக்கு 1,000 வெள்ளி சம்மன். வழக்கு உண்டா? அக்டோபரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் சொன்னது: அவருக்கு 14பி படிவம் கொடுக்கப்படவில்லை, ஆகவே வழக்கு இல்லை.

படிவத்தைக் கொடுக்காதது யார்? அரசு அதிகாரி. அதனால் பலன் பெற்றது யார்? அரசின் அமைச்சர். நாசி கண்டார் கடைக்காரருக்கு மட்டும் படிவம் தவறாமல் போய்ச் சேர்ந்தது! தோட்டத்து மக்கள் பத்து கிலோமீட்டர் தாண்டினால் குற்றம், தோட்டத் துறை அமைச்சர் கண்டம் தாண்டி வந்தாலும் படிவம் இல்லை. இதுதான் சட்டத்தின் முன் சமத்துவமா? கூட்டரசு அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவு என்ன சொல்கிறது? சட்டத்தின் முன் அனைவரும் சமம். அங்கே "படிவம் கிடைத்தவர்கள் மட்டும்" என்று எழுதியிருக்கிறதா?

இது தமிழருக்கு மட்டும் நடந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021 மார்ச்சில் கிளந்தானில் பர்கர் விற்ற ஒரு மலாய்க்காரருக்கு 50,000 வெள்ளி சம்மன் எழுதினார்கள். ஏழையின் கை எந்த நிறமாக இருந்தாலும், அதில் சம்மன் எழுத இவர்கள் பேனாவில் மை உண்டு.

சோறு கொடுக்கவும் அனுமதி வேண்டுமாம்!

அந்த நாட்களில் நம்மைக் காப்பாற்றியது யார்? நினைத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போன சாம்பார்ப் பை. கோயில் வாசலில் இடைவெளி விட்டு நின்று வாங்கிய அரிசி. தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு டேட்டா போட்டுவிட்ட தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கடன் நோட்டை மூடி வைத்துவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம் ஐயா" என்று சொன்ன மளிகைக்கடைக்காரர். நோன்புப் பெருநாளில் கதவைத் தட்டி ரெண்டாங் கொடுத்த மக்சிக். 2021 ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி இயக்கம் வந்தபோது, கொடி கட்டிய வீட்டுக்கு முதலில் ஓடி வந்தது எந்த அரசு இலாகாவும் அல்ல, அடுத்த தெருக்காரன்.

ஆனால் தொடக்கத்தில் அரசு என்ன செய்தது? 2020 மார்ச் இறுதியில், தொண்டு இயக்கங்கள் நேராகப் போய் உணவு கொடுக்கக் கூடாது, சமூகநலத் துறையிடம் ஒப்படையுங்கள் என்றது. பசி காத்திருக்குமா? எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தளர்த்தினார்கள். அப்புறம் வெள்ளைக்கொடி கட்டியவர்களைப் பார்த்து, கொடி பிடிப்பது தோல்வி, கையேந்திப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று புத்திமதி சொன்ன அரசியல்வாதிகளையும் பார்த்தோம். வீட்டில் அடைபட்ட பெண்களுக்கு மகளிர் அமைச்சு சொன்ன ஆலோசனை நினைவிருக்கிறதா? கணவனிடம் டோரேமோன் பொம்மைக் குரலில் பேசுங்கள் என்றது! பிறகு மன்னிப்புக் கேட்டது. குடித்துவிட்டு அடிப்பவனிடம் பொம்மைக் குரல் எடுபடாது என்பது நம் தாய்மாருக்குத் தெரியும்.

அரசு உதவி வரவே இல்லை என்று சொல்ல மாட்டோம். மாதம் 4,000 வெள்ளிக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்குப் பிரிஹாத்தின் நிதி 1,600 வெள்ளி வந்தது. அது எத்தனையோ அடுப்புகளை எரிய வைத்தது. ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும். சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் நம் பாட்டிக்கு? இந்த மண்ணிலேயே பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவருக்கு? பதிவுத் திருமணம் இல்லாத பெற்றோருக்குப் பிறந்து, பிறப்புப் பத்திரத்தில் "குடிமகன் அல்ல" என்று எழுதப்பட்ட பையனுக்கு? ஒரு காசு இல்லை. நோய் அவர்களிடம் மைகார்டு கேட்கவில்லை. உதவி மட்டும் கேட்டது.

நாம் அத்தியாவசியம், நம் சம்பளம் அல்ல!

இன்னொரு வேடிக்கை. நாடே வீட்டில் இருந்தபோது செம்பனைத் தோட்டங்கள் ஓடின. உணவு, ஏற்றுமதி, அத்தியாவசியத் தொழில் என்றார்கள். பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்பேட்டைகளுக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்களும் நம்மவர்களே. தாமானில் நாலு பேர் நின்று பேசினால் சம்மன், தொழிற்சாலைப் பேருந்தில் நெருக்கி உட்கார்ந்து போனால் பொருளாதாரம்!

மலேசியச் செம்பனை வாரியக் கணக்குப்படி, கச்சாப் பாமாயில் சராசரி விலை 2020இல் டன்னுக்கு 2,685 வெள்ளி. 2021இல் 4,407 வெள்ளி. ஒரே ஆண்டில் அறுபது சதவீதத்துக்கும் மேல் ஏற்றம். குலை வெட்டியவரின் கூலி அறுபது சதவீதம் ஏறியதா? குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியானது 2022 மே மாதத்தில்தான். 1,700 ஆனது 2025 பிப்ரவரியில்தான். நோய்க் காலத்து லாபம் வேறு கைக்குப் போனது, நோய் நம் கைக்கு வந்தது.

வேலை இழந்தவர்களுக்கு அரசு எதைத் திறந்துவிட்டது? நம் சொந்த ஊழியர் சேமநிதியை! ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022இல் சிறப்பு மீட்பு. எல்லாம் சேர்த்து 145 பில்லியன் வெள்ளி எடுக்கப்பட்டது. பணக்காரன் அந்தக் காலத்தில் பங்கு வாங்கினான். நாம் நம் முதுமையை எடுத்து அரிசி வாங்கினோம். அது தீர்ந்தபோது நகை அடகுக்கடைக்குப் போனது. அதுவும் தீர்ந்தவர்கள் ஆலோங்கிடம் போனார்கள். அறுபது வயதில் அந்த அண்ணன் காவல் வேலைக்கு மனுப் போட்டு நிற்கிறார் என்றால், அதற்குக் காரணம் அவருடைய சோம்பேறித்தனம் அல்ல.

பிள்ளைகள் இழந்த பாடம்

2020இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், 36.9 விழுக்காடு மாணவர்களிடம் இணைய வகுப்புக்கு எந்தச் சாதனமும் இல்லை என்று தெரிந்தது. மூவரில் ஒருவருக்கும் மேல்! இது நாடு முழுமைக்குமான கணக்கு. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பல இன்றும் தோட்டத்துப் பெயரைத் தாங்கியவை. அங்கே படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் நிலை எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்பா கைப்பேசியோடு வேலைக்குப் போவார். இரவு ஏழு மணிக்கு வருவார். அதன் பிறகுதான் அந்தப் பிள்ளைக்குக் காலை எட்டு மணிப் பள்ளிக்கூடம். முதலாம் ஆண்டில் எழுத்துக் கூட்டக் கற்க வேண்டிய பிள்ளை, பள்ளியைக் கண்ணால் சரியாகப் பார்க்காமலேயே மூன்றாம் ஆண்டுக்குப் போனது. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். பின்னால் உட்காரவைக்கப்படுகிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் எஸ்.பி.எம். எழுதும்போது, "இந்திய மாணவர்களுக்கு ஊக்கம் இல்லை" என்று யாராவது ஒரு பேராசிரியர் கட்டுரை எழுதுவார். அப்போது 2020ஐ நினைவுபடுத்த நாம் தயாராக இருக்க வேண்டும்.

தேர்தலுக்கு மட்டும் வழி தெரிந்தது!

2021 அக்டோபரில் மலாக்கா அரசு கவிழ்ந்தது. நான்கு சட்டமன்ற உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். நம்மில் பலர் இறந்தவர்களுக்குக் கருமாதிகூட முறையாகச் செய்ய முடியாமல் இருந்த ஆண்டில், அவர்களுக்கு நாற்காலிச் சண்டை. நவம்பர் 20இல் மாநிலத் தேர்தல். பிரச்சாரக் கூட்டங்களுக்குச் சுகாதார அமைச்சு தடை போட்டது. ஆனாலும் தாமானுக்கும் தோட்டத்துக்கும் வழி தெரியாமல் இருந்தவர்களுக்கெல்லாம் அந்த மாதம் வழி தெரிந்துவிட்டது. 28 தொகுதிகளில் 21 ஒரு கூட்டணிக்குப் போனது. நாம் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டையும் கேட்கிறோம். அரிசிப் பொட்டலத்தோடு படம் எடுத்தீர்களே, அந்த அடுக்குமாடியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பிறகு எப்போதாவது வந்து பார்த்தீர்களா?

"நோய்க்கு வேறு என்ன செய்வது?" என்பவர்களுக்கு

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த நாட்டில் 37,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் வீடுகளிலும் படம் மாட்டியிருக்கிறோம், மாலை போட்டிருக்கிறோம். தடுப்பூசி போட்டோம், முகக்கவசம் அணிந்தோம், கோயிலைப் பூட்டினோம். ஒத்துழைக்கவில்லை என்று யாரும் நம்மைச் சொல்ல முடியாது.

நாம் சொல்வது இதுதான். மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு என்றால், இருக்கத்தக்க வீட்டைத் தரும் கடமையும் அரசுக்கு உண்டு. கடமை இல்லாத அதிகாரம் வெறும் தடி. ஏழைகள் எல்லோரும்தான் கஷ்டப்பட்டார்கள் என்பதும் உண்மை. அதனால் நம் குறை குறையே இல்லை என்று ஆகிவிடாது. மலாய்க்கார, சீன, வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளியோடு நமக்குச் சண்டை இல்லை. ஒரே மாடிப்படியில்தான் ஏறி இறங்குகிறோம்.

நம் கோரிக்கைகள்

1. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நட்ட ஈட்டோடு சொந்த வீடும் சட்டப்படி கட்டாயமாக வேண்டும்.

2. மலிவு விலை அடுக்குமாடிகளின் தண்ணீர், மின்தூக்கி, கூரை ஆகியவற்றுக்கு மாநில அரசு நேரடிப் பொறுப்பு ஏற்க வேண்டும்.

3. பேரிடர் உதவி பசித்தவருக்கு வேண்டும், அட்டையின் நிறத்துக்கு அல்ல. ஆவணமற்ற நம் மக்களின் குடியுரிமை மனுக்களுக்குக் காலக்கெடு வைத்துப் பதில் தர வேண்டும்.

4. மக்களைத் தண்டிக்கும் எந்த அவசர விதியும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். அபராதம் வருமானத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும்.

5. அந்த ஆண்டுகளில் பாடம் இழந்த பிள்ளைகளுக்கு இலவச மீட்பு வகுப்புகள், தமிழ்ப்பள்ளிகளிலேயே.

நாம் செய்ய வேண்டியது

கேட்பது ஒரு பாதி. செய்வது மறு பாதி.

முதலில் கடிதங்களை, சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், மருத்துவ அட்டை, எல்லாம் ஒரு பையில். நீதிமன்றத்தில் கண்ணீருக்கு மதிப்பில்லை, காகிதத்துக்குத்தான் மதிப்பு.

சம்மன் என்று நாம் சொல்லும் கம்பவுண்ட், நீதிமன்றத் தீர்ப்பு அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டினால் விஷயம் அதோடு முடியும். கட்டாவிட்டால் வழக்குப் போடலாம், அங்கே உங்கள் காரணத்தைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கைது செய்யப்பட்டால் உறவினருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரிடம் பேசவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. பணம் இல்லையே என்று பயப்படாதீர்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது. வீட்டில் அடி உதை என்றால் 15999 எண்ணுக்கு அழையுங்கள், அக்கம்பக்கத்தார் அழைத்துக் கொடுங்கள்.

அடுத்து, உங்கள் மாடியின் குடியிருப்பாளர் கூட்டத்துக்குப் போங்கள். ருக்குன் தெத்தாங்காவில் சேருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தாய்மார்கள் முன்வரிசையில் உட்காருங்கள். எந்த வீட்டில் தனியாக முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் அட்டை இல்லாத பிள்ளை இருக்கிறது என்று ஒவ்வொரு தாமானிலும் ஒரு பட்டியல் நம் கையில் இருக்கட்டும். அன்று வாட்ஸாப் குழு தொடங்கி அரிசி பங்கிட்டோமே, அந்தக் குழுவைக் கலைத்துவிடாதீர்கள். அரிசிக்குக் கூடியவர்கள் உரிமைக்கும் கூடலாம்.

உறவுகளே! 1967இல் இதே மலாக்கா மாநிலத்தின் புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர்கள், தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். அவர்களிடம் கைப்பேசி இல்லை, சட்டப் புத்தகம் இல்லை, சேமநிதியில் பெரிய பணமும் இல்லை. காலும் ஒற்றுமையும் இருந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம்.

அடுத்த நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது மீண்டும் "வீட்டிலேயே இரு" என்பார்கள். அன்று நாம் சொல்ல வேண்டிய பதில், "இருக்கிறோம், இது எங்கள் வீடு, இருக்கத்தக்க வீடு" என்பதாக இருக்க வேண்டும். அதற்கான வேலை இன்றே, உங்கள் மாடியிலேயே, உங்கள் லயத்திலேயே தொடங்கட்டும்.

சலுகை கேட்கவில்லை. உரிமை கேட்கிறோம்!